மீன் கவுச்சியும் நைட்ரஜனின் இரண்டு எலக்ட்ரான்களும்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாலை ஏழு மணிக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். காசிமேடு, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருவார்கள். பல ஆண்டுகளாகக் கரிம வேதியியலைப் பெயரிடும் விதிகளிலிருந்தே தொடங்கி, பிறகு வினைகளை ஒவ்வொன்றாக எழுதிப்போட்டு, அவற்றை மனப்பாடம் செய்யச் சொல்லி வந்தேன். எனக்கும் அப்படித்தான் சொல்லித்தரப்பட்டது. பிள்ளைகள் மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் கண்டறிந்தவர்களின் பெயரால் வழங்கும் பத்துப் பன்னிரண்டு வினைகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம் அம்மோனியா ஏன் காரமாக, அதாவது அமிலத்துக்கு எதிரானதாக, இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. அந்தக் குறை பிள்ளைகளுடையது அன்று, சொல்லிக்கொடுத்த என்னுடையது என்று எனக்குப் புரிவதற்கு ஒரு கேள்வி தேவைப்பட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, நைட்ரஜன் கொண்ட கரிமச் சேர்மங்களான அமீன்கள் பாடத்தின் நடுவில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். அவளுடைய அம்மா காசிமேட்டில் மீன் விற்பவர். "மிஸ், எங்கம்மா மீனைப் புளித்தண்ணியில அலசுவாங்க. அலசுனதும் கவுச்சி போயிடுது. அது எங்க மிஸ் போவுது?" என்று கேட்டாள். அமிலம் காரத்தை நடுநிலையாக்கிவிடும் என்று சொல்லிவிட்டு நான் அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன். அவள் உட்காரவில்லை. "நடுநிலைன்னா அது செத்துப்போச்சா, இல்ல அங்கயேதான் கீதா?" என்றாள். பாடப்புத்தகத்தில் இருக்கும் எந்த வினாவையும்விட இது நல்ல வினா. இதற்கு ஒழுங்காக விடை சொல்ல முயன்றபோதுதான் கரிம வேதியியலையும் உயிர் வேதியியலையும் ஒரே நூலில் கோத்துச் சொல்லும் வழி எனக்குக் கிடைத்தது. அந்த வழியை இங்கே எழுதிவைக்கிறேன்.

கடலில் வாழும் மீன்களின் தசையில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்னும் பொருள் நிறைய இருக்கிறது. உப்பு மிகுந்த கடல்நீர், மீனின் உடலிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடாமல் காப்பதில் இதற்குப் பங்குண்டு. ஆழ்கடல் மீன்களில் நீரின் அழுத்தத்தால் புரதங்கள் உருக்குலையாமலும் இது காக்கிறது. இந்தப் பொருளுக்கு வாசனை இல்லை. அதனால்தான் படகிலிருந்து அப்போதே இறக்கிய வஞ்சிரத்தில் கடல் வாசனை வருமே தவிர, கவுச்சி வராது. மீன் இறந்தபின் அதன் மேல் பெருகும் பாக்டீரியாக்கள் இந்தப் பொருளிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது டிரைமெத்தில் அமீன். ஒரு நைட்ரஜன் அணு, அதைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகள் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்தவை), அவ்வளவுதான் அதன் உருவம். ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸிலேயே அது கொதித்துவிடும் என்பதால், சென்னையின் எந்தப் பருவத்திலும் அது வாயுவாக எழுந்து நம் மூக்கை எட்டுகிறது. ஆற்று மீனிலும் ஏரி மீனிலும் அந்த ஆக்சைடு மிகக் குறைவு. அவற்றின் வாசனை வேறு வகையானது.

இப்போது நைட்ரஜனை நெருங்கிப் பார்க்க வேண்டும். அதன் வெளிக்கூட்டில் ஐந்து எலக்ட்ரான்கள் இருக்கின்றன. மூன்றைக் கொண்டு மூன்று பிணைப்புகளை அமைத்துக்கொண்டபின், எந்த அணுவோடும் பகிர்ந்துகொள்ளப்படாத ஒரு சோடி மிஞ்சுகிறது. பாடப்புத்தகம் இதைத் தனித்த இரட்டை எலக்ட்ரான்கள் என்கிறது. அமிலம் என்பது ஒரு புரோட்டானைக் கொடுக்கக்கூடிய பொருள். புரோட்டானிடம் எலக்ட்ரானே கிடையாது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் புரோட்டானை விடுகிறது, நைட்ரஜனின் அந்தச் சோடி அதைப் பற்றிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் டிரைமெத்தில் அமீன் நேர்மின் சுமையுடைய அயனியாகிவிடுகிறது. மின்சுமை கொண்ட அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்துக்கொள்வதால் அது ஆவியாகி மேலே எழ முடியாது. மூக்குக்கு வராததால் கவுச்சி போய்விட்டது என்கிறோம். பொருள் தண்ணீரில்தான் இருக்கிறது.

இதை நான் வாயால் சொன்னதோடு விடவில்லை. மறுநாள் அவள் அம்மா மீன் அலசிய புளித்தண்ணீரை ஒரு சிறிய பாட்டிலில் கொண்டுவரச் சொன்னேன். பாட்டிலைத் திறந்து எல்லோரும் முகர்ந்து பார்த்தார்கள். புளி வாசனைதான் வந்தது. பிறகு வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சுண்டுவிரல் நுனியளவு அதில் போட்டு மூடிக் குலுக்கி, மீண்டும் திறந்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சுண்ணாம்பு வலிமையான காரம் என்பதால் அமீனிடமிருந்து புரோட்டானைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. சோடி எலக்ட்ரான்கள் மறுபடியும் விடுபட்டன, அமீன் மறுபடியும் வாயுவாயிற்று. "சாவல மிஸ், ஒளிஞ்சிக்கினு இருந்துது" என்றாள் கேள்வி கேட்டவள். அமில–கார வினை இருபுறமும் திரும்பக்கூடியது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்த வகுப்பிலும் காட்டியதில்லை.

அடுத்த நாள் சுறாவுக்குப் போனோம். எங்கள் பகுதியில் பிள்ளை பெற்ற வீடுகளில் பால்சுறாப் புட்டு செய்யாமல் இருக்க மாட்டார்கள். சுறா கொஞ்சம் நேரமாகிவிட்டால் மற்ற மீனின் கவுச்சியோடு, கண்ணை எரிக்கும் இன்னொரு நெடியும் சேர்ந்து வருவதைச் சமைப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். அது அம்மோனியா. சுறா தன் இரத்தத்திலும் தசையிலும் யூரியாவை, நம் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகத் தேக்கி வைத்துக்கொள்கிறது. உடலின் நீரைக் கடல்நீருக்கு இழக்காமல் இருக்க அது கண்டுபிடித்த வழி அது. ஆனால் யூரியா அந்த அளவில் புரதங்களின் உருவத்தைக் குலைக்கும். அதை ஈடுகட்டுவது முன்பு சொன்ன அதே டிரைமெத்தில் அமீன் ஆக்சைடுதான். சுறாவின் உடலில் ஏறத்தாழ இரண்டு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் அது இருக்கிறது. இறந்தபின் பாக்டீரியாக்கள் இரண்டையும் உடைக்கின்றன: ஒன்றிலிருந்து கவுச்சி, மற்றதிலிருந்து அம்மோனியா.

யூரியாவின் பெயர் வந்ததும் 1828ஆம் ஆண்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. உயிருள்ளவற்றின் பொருள்களை உயிருள்ள உடல் மட்டுமே ஆக்க முடியும், அதற்கென ஓர் உயிர்விசை உண்டு என்று வேதியியலார் பலர் நம்பிய காலம் அது. ஜெர்மானிய வேதியியலார் ஃபிரெடெரிக் வோலர், அம்மோனியம் சயனேட் என்னும் உப்பைத் தயாரிக்கப்போய், சிறுநீரிலிருந்து கிடைக்கும் யூரியாவின் படிகங்களையே தம் கண்ணாடிக் கலத்தில் கண்டார். சிறுநீரகம் இல்லாமலேயே யூரியாவை ஆக்க முடியும் என்று தம் ஆசிரியர் பெர்சீலியசுக்கு அவர் எழுதினார். உயிர்விசைக் கொள்கை அந்த ஒரு சோதனையால் அன்றே வீழ்ந்துவிடவில்லை. 1845இல் கோல்பே என்னும் இன்னொரு வேதியியலார் அசிட்டிக் அமிலத்தைத் தொகுத்தது போன்ற பல வேலைகள் தொடர வேண்டியிருந்தன. நான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வது இன்னொன்று. அம்மோனியம் சயனேட்டிலும் யூரியாவிலும் இருக்கும் அணுக்கள் ஒன்றே: ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். இணைந்திருக்கும் விதம் மட்டும் வேறு. மாற்றியம் என்ற சொல்லை நான் இந்த இடத்தில்தான் முதன்முதலில் கரும்பலகையில் எழுதுகிறேன்.

கார்பனைப் பற்றிய அடிப்படையைச் சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன். வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள், அவற்றைப் பகிர்ந்து அமையும் நான்கு சகப்பிணைப்புகள், தன்னோடு தானே சங்கிலியாக இணையும் ஆற்றல். மணலியில் 1969இல் தொடங்கிய கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் உயர்ந்த கோபுரங்களில் நடப்பது இந்தச் சங்கிலிகளை நீளத்துக்கேற்பப் பிரிக்கும் வேலைதான். சங்கிலி நீள நீளக் கொதிநிலை ஏறும். நான்கு கார்பன் உடைய பியூட்டேன் சிலிண்டருக்குள் அழுத்தத்தால் திரவமாக இருக்கிறது, இருபது முப்பது கார்பன் உடையவை தாராகவும் மெழுகாகவும் அடியில் நிற்கின்றன. கார்பனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களை ஏறத்தாழச் சமமாகப் பகிர்வதால் இந்தச் சேர்மங்களில் மின்சுமை குவியும் இடமே இல்லை. நீருக்கு அவற்றைப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய், இவ்வளவு வெள்ளம் வந்தும் கரைந்து போகாமல், படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டு நின்றதை என் மாணவர்கள் நேரில் பார்த்தவர்கள். மீனவர்கள் அதைக் கையால் அள்ள வேண்டியிருந்தது.

கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட இந்த ஹைட்ரோகார்பனில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்தால் எல்லாம் மாறுகிறது. கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த கார்பனைல் தொகுதியை எடுத்துக்கொள்வோம். எங்கள் தெருவில் ஒரே குடிநீர்க் குழாயிலிருந்து இரண்டு வீடுகளுக்கு இணைப்பு இருக்கும். ஒரு வீட்டில் மோட்டார் போட்டு இழுத்தால் அடுத்த வீட்டில் நூல் போலத்தான் தண்ணீர் வரும். ஆக்சிஜன் மோட்டார் போட்ட வீடு. பிணைப்பு எலக்ட்ரான்கள் அதன் பக்கம் சாய்கின்றன, கார்பன் எலக்ட்ரான் பற்றாக்குறையில் நிற்கிறது. பற்றாக்குறை உள்ள இடத்தை நோக்கி, எலக்ட்ரான் சோடியைக் கையில் வைத்திருக்கும் எந்த மூலக்கூறும் வரும். அப்படி வருவதைக் கருக்கவர் பொருள் என்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் கார்பனைல் சேர்மங்கள் பாடத்தில் வரும் சேர்ப்பு வினைகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரே காட்சியாகப் பார்த்துவிடலாம்: சயனைடு வந்தாலும், ஆல்கஹால் வந்தாலும், அம்மோனியாவின் உறவினர்கள் வந்தாலும், வருவது ஒரு சோடி எலக்ட்ரான், போய்ச் சேரும் இடம் அந்தக் கார்பன். எங்கே எலக்ட்ரான் மிகுதி, எங்கே குறைவு என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். கோலத்துக்குப் புள்ளி வைத்த பிறகுதான் இழை இழுப்போம்; அது போல நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இரண்டிரண்டு புள்ளிகளை வைத்த பிறகுதான் அம்புக்குறி போட வேண்டும் என்பது என் வகுப்பின் கட்டாய விதி.

கரிம நைட்ரஜன் சேர்மங்கள் பாடமும் உயிரியல் மூலக்கூறுகள் பாடமும் நம் பாடப்புத்தகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் இரண்டாவது பாடம் தேர்வு நெருங்கும் காலத்தில் வருவதால், அதைத் தனிக் கதையாக, வெறும் பெயர்ப் பட்டியலாகப் படித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. ஏனென்றால் மீன் அலசிய தண்ணீரில் பார்த்த அதே சோடி எலக்ட்ரான்தான் அங்கே புரதத்தைக் கட்டுகிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. ஓர் அமினோ அமிலத்தில் ஒரு முனையில் அமீன் தொகுதி, இன்னொரு முனையில் கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி; இதற்குள்ளும் ஒரு கார்பனைல் உண்டு. புளியையும் மீனையும் ஒரே மூலக்கூறுக்குள் வைத்தது போல. அமிலமுனை விடும் புரோட்டானை அமீன்முனை எடுத்துக்கொள்வதால், அமினோ அமிலம் தனக்குள்ளேயே உப்பாகிவிடுகிறது. அதனால்தான் அவை அமீன்களைப் போல நாறாமல், சமையல் உப்பைப் போல வெண்படிகங்களாக இருக்கின்றன. அவற்றில் மிகச் சிறிய கிளைசீன்கூட 200 டிகிரியைத் தாண்டியும் உருகாமல் நின்று, பிறகு சிதைகிறது. இரண்டு அமினோ அமிலங்களை இணைக்க வேண்டுமானால், ஒன்றின் நைட்ரஜன் சோடி புரோட்டானைப் பிடிப்பதை விட்டுவிட்டு, மற்றதன் கார்பனைல் கார்பனைத் தாக்க வேண்டும். ஆய்வகத்தில் அமிலத்தையும் அமீனையும் வெறுமனே கலந்தால் உப்புதான் கிடைக்கும். நன்றாகச் சூடாக்கினால்தான் நீர் நீங்கி, கார்பனைல் கார்பனோடு நைட்ரஜன் இணைந்த அமைடு உண்டாகும். செல்லுக்குள் அவ்வளவு சூடு ஏற்ற முடியாது. ஆகவே செல் முன்கூட்டியே, ஆற்றலைத் தாங்கி நிற்கும் மூலக்கூறான ஏடிபியின் ஆற்றலைச் செலவழித்து, ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் ஓர் ஆர்என்ஏவோடு எஸ்டராக (அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த வகைச் சேர்மமாக) பிணைத்து வைக்கிறது. எஸ்டரின் கார்பன் தாக்குதலுக்கு இணங்கக்கூடியது. செல்லில் புரதம் கட்டும் இடமான ரைபோசோமில் அடுத்த அமினோ அமிலத்தின் நைட்ரஜன் அதைத் தாக்குகிறது, எஸ்டர் விலகுகிறது, இரண்டையும் இணைக்கும் அமைடு உருவாகிறது; புரதத்தில் அதைப் பெப்டைடு பிணைப்பு என்கிறோம். எஸ்டர், அமைடு என்று தனித்தனிப் பாடங்களில் படித்தவை எல்லாம் இங்கே ஒன்றாகக் கூடிவிடுகின்றன.

பிணைந்தபின் அந்தச் சோடி என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அமைடில் நைட்ரஜனுக்குப் பக்கத்திலேயே மோட்டார் போட்ட ஆக்சிஜன் இருக்கிறது. நைட்ரஜனின் சோடி அங்கேயே நிற்காமல் கார்பனை நோக்கிச் சாய்ந்து, உடனிசைவால் அந்தத் தொகுதி முழுவதும் பரவிவிடுகிறது. புரோட்டானுக்குக் கொடுக்க அது கையில் இல்லாததால் அமைடுகள் காரமாக நடந்துகொள்வதில்லை. அமைடு வகையைச் சேர்ந்த யூரியாவுக்கு இரண்டு நைட்ரஜன் இருந்தும் அது அம்மோனியாவைப் போல நெடியடிக்காததற்கு, அது திண்மமாக இருப்பதோடு இதுவும் ஒரு காரணம். இன்னொரு விளைவும் உண்டு. கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே ஒற்றைப் பிணைப்பு என்று நாம் கோடு போட்டாலும், அதில் ஓரளவு இரட்டைப் பிணைப்பின் குணம் வந்துவிடுகிறது. இரட்டைப் பிணைப்பைச் சுற்றித் திருக முடியாது. ஆகவே பெப்டைடு பிணைப்பும் அதைச் சுற்றியுள்ள அணுக்களும் ஒரு சீட்டு அட்டையைப் போலத் தட்டையாக நிற்கின்றன. 1951இல் அமெரிக்க வேதியியலார் லைனஸ் பாலிங்கும் உடனுழைத்தவர்களும், புரதச் சங்கிலி திருகாணி போலச் சுருளும் வடிவமான ஆல்பா சுருளைக் கண்டறிந்தது இந்தத் தட்டைத்தன்மையை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டதால்தான்.

அட்டைகள் தட்டையென்றால், புரதச் சங்கிலி திரும்புவதற்கு ஓர் அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் நடுவிலுள்ள கார்பனில்தான் இடமிருக்கிறது. அங்கே இரண்டு கோணங்கள். அந்த இரண்டு கோணங்களில் எவையெல்லாம் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் அமையும் என்று கணக்கிட்டு வரைபடமாக்கியவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவர், ஆண்டு 1963. இன்றும் உலகில் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் முப்பரிமாண அமைப்பைத் தீர்மானித்தாலும், அது சரியாக இருக்கிறதா என்று ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து பேருந்து ஏறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய கிண்டி வளாகத்தில் நடந்த வேலை இது என்பதை என் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். அதை நான் மறைப்பதில்லை.

அதே ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் கொலாஜன் என்னும் புரதத்துக்கு முப்புரிச் சுருள் அமைப்பை முன்வைத்தார். மூன்று சங்கிலிகள் கயிறு போல ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கின் உட்புறத்தில் இடம் மிகக் குறைவு. அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் பக்கக் கிளையாக வெறும் ஹைட்ரஜன் மட்டுமே உள்ள கிளைசீன்தான் அமர முடியும். இதைப் பார்க்க விரும்புபவர்கள் வீட்டில் ஆட்டுக்கால் பாயா வைக்கும் நாளுக்காகக் காத்திருக்கலாம். எலும்பிலும் தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் நெடுநேரக் கொதியில் முறுக்கு அவிழ்ந்து, தனித்தனிச் சங்கிலிகளாகக் குழம்பில் இறங்கிவிடும். மிச்சப் பாயாவை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் காலை கரண்டியால் தொட்டால், அது ததும்பாமல் ஆடும். குளிரில் சங்கிலிகள் அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு வலை பின்னி, நீரை உள்ளே சிறைப்பிடித்திருக்கின்றன. அடுப்பில் வைத்ததும் அந்த வலை அவிழ்ந்து குழம்பு பழையபடி இளகுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் பெப்டைடு பிணைப்பு அறுவதும் இல்லை, சேர்வதும் இல்லை. மாறுவதெல்லாம் ஹைட்ரஜன் வழியாக ஏற்படும் வலிமை குறைந்த ஈர்ப்புகளான ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வைட்டமின் சி குறைந்தால் ஈறு வீங்கி இரத்தம் கசிவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. கொலாஜனிலுள்ள புரோலீன் என்னும் அமினோ அமிலத்தில், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கும் நொதிக்கு அந்த வைட்டமின் தேவை, அந்த ஹைட்ராக்சில் இல்லாத முறுக்கு உடல் வெப்பத்தில் உறுதியாக நிற்பதில்லை.

புளியை இன்னும் முடிக்கவில்லை. டார்டாரிக் அமிலத்தின் கரைசல் வழியே முனைவாக்கப்பட்ட ஒளியை, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியைச் செலுத்தினால் ஒளியின் தளம் வலப்பக்கம் திரும்பும். ஆனால் அதே கூட்டமைப்புடைய இன்னோர் அமிலம் ஒளியைத் திருப்பவே இல்லை. 1848இல், இருபத்தைந்து வயதில், லூயி பாஸ்டர் அந்த இரண்டாவது அமிலத்தின் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கி, பூதக்கண்ணாடியில் பார்த்தார். படிகங்கள் இரண்டு வகையாக இருந்தன. ஒன்றின் சாய்முகம் வலப்பக்கம், மற்றதன் சாய்முகம் இடப்பக்கம். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கிக் கரைத்தபோது, ஒரு குவியல் ஒளியை வலப்பக்கமும் மற்றது அதே அளவு இடப்பக்கமும் திருப்பின. இந்த உப்பு ஏறத்தாழ 27 டிகிரிக்குக் கீழேதான் இப்படி இரண்டு வகைப் படிகங்களாகப் பிரியும். அதற்கு மேல் இரண்டும் கலந்த ஒரே படிகமாகிவிடும். நம் ஊர் மே மாத வெயிலில் அந்தச் சோதனையைச் செய்திருந்தால் அவருக்குப் பொறுக்கி எடுக்க ஒன்றும் கிடைத்திராது.

நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒரு கார்பனில் இணைந்தால், அதற்கும் அதன் ஆடிப் பிம்பத்துக்கும் உள்ள வேறுபாடு வலக்கைக்கும் இடக்கைக்கும் உள்ள வேறுபாடுதான். இதற்கு நான் படம் வரைவதில்லை. மாடிப்படியில் பிள்ளைகள் கழற்றிவிட்ட செருப்புகளைக் காட்டி, இடதுகால் செருப்பை வலது காலில் போட்டுக்கொண்டு நடந்து பார்க்கச் சொல்கிறேன். கால் ஒன்றுதான், செருப்பின் அளவும் ஒன்றுதான், ஆனால் பொருந்தாது. நொதியும் அப்படிப்பட்ட ஒரு செருப்பு. ரைபோசோமில் சேரும் அமினோ அமிலங்களில் கிளைசீனைத் தவிர மற்றவை எல்லாம் ஒரே கைவாட்டம் உடையவை. அதனால் அவற்றாலான நொதியின் குழியும் ஒரு கைவாட்டமாகவே அமைகிறது.

கைவாட்டத்தின் இன்னொரு வடிவத்தை வண்ணாரப்பேட்டையில் பார்க்கலாம். கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்தி வேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி என்பது செல்லுலோஸ், கஞ்சி என்பது ஸ்டார்ச். இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிகள். குளுக்கோஸ் நீளமாக இருக்கும்போது ஒரு முனையில் கார்பனைல் தொகுதி இருக்கிறது; அதே சங்கிலியின் ஐந்தாம் கார்பனிலுள்ள ஆக்சிஜன், தன் சோடி எலக்ட்ரானால் அந்தக் கார்பனைத் தாக்கி வளையமாக மூடிக்கொள்கிறது. மறுபடியும் அதே காட்சிதான். ஆனால் கார்பனைல் தட்டையானது என்பதால் தாக்குதல் மேலிருந்தும் வரலாம், கீழிருந்தும் வரலாம். அதனால் முதல் கார்பனில் புதிதாகத் தோன்றும் ஹைட்ராக்சில் இரண்டு விதமாக நிற்கலாம். ஒன்றை ஆல்பா என்றும் மற்றதைப் பீட்டா என்றும் சொல்கிறோம். ஆல்பா பிணைப்பால் தொடுத்த சங்கிலி வளைந்து சுருளும், அதற்குள் நீர் எளிதாகப் புகும், நம் எச்சிலிலுள்ள அமைலேஸ் அதைக் கத்தரித்துவிடும். பீட்டா பிணைப்பால் தொடுத்தால் ஒன்று விட்டு ஒன்று குளுக்கோஸ் தலைகீழாகத் திரும்பி, சங்கிலி நேராக நீளும். பக்கத்துச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகி நூலாகும். நம்மிடம் அதை அறுக்கும் நொதி இல்லை. சோற்றை உண்டு வேட்டியை உடுத்துகிறோம் என்றால், அந்த ஒரு கார்பனில் ஒரு தொகுதி நிற்கும் திசைதான் காரணம். கஞ்சி துணியில் நன்றாகப் பிடிப்பதும் இரண்டிலும் ஒரே வகை ஹைட்ராக்சில்கள் இருந்து ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்வதால்தான்.

இந்தப் பாடத்தை முடித்த அன்று ஒரு பையன், தெருமுனைச் சுவரில் மாடு போஸ்டரை உரித்துத் தின்பதைப் பற்றிக் கேட்டான். "மிஸ், அது பேப்பருக்காகத் திங்குதா, ஒட்டுன மைதா பசைக்காகத் திங்குதா?" மாட்டின் விருப்பத்தை என்னால் சொல்ல முடியாது. ஆனால் காகிதம் பீட்டா, பசை ஆல்பா, இரண்டும் குளுக்கோஸ்தான். செல்லுலோஸை அறுக்கும் நொதி மாட்டுக்கும் கிடையாது; அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளுக்கு உண்டு. அவை பசையை விரைவாகவும் காகிதத்தை மெதுவாகவும் உடைத்து நொதிக்கவைத்து, அசிட்டிக் அமிலம் போன்ற சிறிய கொழுப்பமிலங்களாக்கிக் கொடுக்க, மாடு அவற்றைத்தான் உட்கொண்டு வாழ்கிறது. அசிட்டிக் அமிலத்தின் கார்பனைல் கார்பனை வரைந்து, ஆக்சிஜனுக்குப் புள்ளிகளை வைக்கச் சொன்னேன். எல்லோரும் புள்ளி வைத்துவிட்டுத்தான் கோடு இழுத்தார்கள்.